பொத்தான் இல்லாத சட்டை

"கிருபா டீச்சர் சின்னப் பிள்ள கையில சாதிக் கயிறு கட்டுனான்னு நீ பாத்தியாட்டி கோமதி? உன் ரெண்டு கண்ணால பாத்தியா?"

"ஊரே சொல்லுது ஆவுடைக்கா. போட்டோவுல வந்துச்சுல்லா?"

"போட்டோவுல கைதான் வந்துச்சு. கட்டுனவ வந்தாளா? அன்னைக்கு அங்கன நின்னவ நான். சாம்பாரக் கிண்டிக்கிட்டு நின்னவ நான்."

"அதுகூடப் போவட்டும். தெனமும் பேரு வாசிச்சு முடிச்சதும் செத்துப்போன பிள்ளையக் கூப்புடுவாளாம்லா? அப்படிப்பட்டவள வச்சுக்கிட்டு..."

"செத்துச்சுன்னு யாருட்டி உனக்குச் சொன்னா? வாய மூடு. கொடம் வழியுது, எடு."

தெருக்குழாயடியில் கோமதியம்மாளுக்கும் எனக்கும் மூன்று வருஷமாக இதே சண்டைதான். அவள் கெட்டவள் இல்லை. என் மருமகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாலு நாள் என்கூட இருந்தவள். ஆனால் டீச்சர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குழாயடியில் சொன்னால் பாதியில் தண்ணீர் நின்றுவிடுகிறது, ஆளும் கலைந்துவிடுகிறது. அதனால் முழுசாக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொன்னபடி இருந்தால் போதும்.

தென்காசியிலிருந்து குத்துக்கல்வலசைக்குப் போகிற பக்கம் எங்கள் காலனி. அதன் கடைசியில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம். ஐந்தாவது வரைக்கும் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அங்கே இருபது வருஷத்துக்கு மேல் சத்துணவு சமைத்தேன். போன வருஷம்தான் வேலையிலிருந்து இறங்கினேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். சாரல் தொடங்கிவிட்டால் பாதிப் பெண்கள் குற்றாலத்துக்குப் போய்விடுவார்கள், லாட்ஜில் ரூம் கூட்டவும் பழக்கடையில் நிற்கவும். அந்த மாதங்களில் வீட்டுப் பீடி பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். காலையில் வரும்போதே கண் சிவந்திருக்கும். தட்டை நீட்டும் விரலில் புகையிலை வாசம் அடிக்கும். சோற்று வாசத்தையும் மீறி அடிக்கும்.

கிருபா டீச்சர் ஆலங்குளம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து எங்களிடம் வந்தவள். அவள் இவள் என்று பேசுகிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். என் மூத்த மகள் வயதுதான். முகத்துக்கு நேரே ஒருநாளும் டீச்சர் என்று அல்லாமல் நான் கூப்பிட்டதில்லை. ஒல்லியான உடம்பு. நாற்பதுக்கு முன்னாலேயே முன்முடி நரைத்துவிட்டது. வந்த அன்று தலைமை ஆசிரியர் குற்றாலிங்கம் சார் ஒரு பிரம்பைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்தாள்.

"ஆச்சி, இது உங்களுக்கு எதுக்காவது ஆகுமா பாருங்க."

"பூனைய வெரட்ட ஆகும் டீச்சர்."

"அப்ப வச்சுக்கிடுங்க."

சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது, அடிக்கத் தெரியாத டீச்சர் வந்திருக்கிறாள் என்று.

முதல் ஒரு வாரம் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. சுண்ணாம்புப் பொடியால் வகுப்பு வாசலிலிருந்து குழாய்க்கும், அங்கிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து கேட்டுக்கும் கோடு போட்டாள். மழை அழித்தால் மறுபடியும் போடுவாள். தள்ளாமல் எப்படி நடப்பது, தட்டை எப்படிப் பிடிப்பது, முன்னால் நிற்கிற பிள்ளைக்கு எவ்வளவு இடம் விடுவது என்று தானே நடந்து காட்டினாள். பிள்ளைகளையும் நடக்கவைத்தாள். குற்றாலிங்கம் சாருக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், நடக்கச் சொல்லிக் குடுக்கவா நமக்குச் சம்பளம் குடுக்காவ?"

"கூட்டல் சொல்லிக் குடுக்காம கூட்டல் தப்புன்னு அடிப்போமா சார்? நிக்கச் சொல்லிக் குடுக்காம, ஒழுங்கா நிக்கலன்னு மட்டும் அடிக்கோம்."

சார் மீசையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். அவரும் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

அப்புறம் எனக்கொரு வேலை வைத்தாள். சோற்று வரிசையில் சண்டை வந்தால் ஒரு புளியங்கொட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். வரிசையின் முன்பக்கம் சண்டை என்றால் சின்ன டப்பா, பின்பக்கம் என்றால் பெரிய டப்பா.

"எனக்குப் படிப்பு கெடையாது டீச்சர்."

"புளியங்கொட்டைக்கு என்ன படிப்பு ஆச்சி?"

ஒரு மாதம் கழித்து இரண்டையும் தரையில் கவிழ்த்தோம். சின்ன டப்பாவில் நாலே நாலு கொட்டை. பெரிய டப்பாவில் இரண்டு கை நிறைய. அவள் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியில நிக்கிற பிள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோவம் ஆச்சி?"

எனக்கு அது யோசிக்காமலே தெரியும். எட்டுப் பேர் இருந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

"கோவமா? அது பயம் டீச்சர். தன் முறை வரதுக்குள்ள சோறு தீந்துரும்னு பயம்."

மறுநாள் அவள் ஒரு முறை வைத்தாள். மணி அடித்ததும் வரிசையின் கடைசிப் பிள்ளை முதலில் என்னிடம் வர வேண்டும். நான் மூடியைத் திறந்து பானையைக் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, "எல்லாருக்கும் இருக்கு!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இரண்டாவது மாதம் பெரிய டப்பாவில் பதினோரு கொட்டை. அதற்கடுத்த மாதம் ஆறு. நானே போட்டவள் என்பதால் சொல்கிறேன்.

கடைசியில் நிற்கிற பிள்ளை அநேகமாக அபிதான். மூன்றாம் வகுப்பு. தாய் மாரி சாரல் முழுக்கக் குற்றாலத்தில் லாட்ஜ் வேலை. அபி பீடி சுற்றி முடித்து, பீடித் தட்டைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவதால் தினமும் நேரம் கழித்து வருவாள். யாராவது பின்னால் உரசினால் திரும்பிக் கடிப்பாள். என் கையிலேயே அவள் பல் பதிந்த தழும்பு இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடத்தில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் சாரும் அதைத்தான் நினைத்தார். டீச்சர் கேட்டு வாங்கிய தவணை காலாண்டுப் பரீட்சை வரைக்கும். அதற்குள் அபி ஒழுங்காக இருந்தால் இருப்பாள், இல்லாவிட்டால் வெளியே. இந்தப் பக்கம் வேறு பள்ளிக்கூடம் அவளை எடுக்காது. அப்புறம் பீடித் தட்டுதான்.

நூலும் அப்போதுதான் தொடங்கியது. பிள்ளை ஒன்றைச் சரியாகச் செய்தால் டீச்சர் 'நல்ல பிள்ளை' என்று சொல்ல மாட்டாள். என்ன செய்தது என்று சொல்லுவாள். "தட்டக் கழுவிக் கவுத்து வச்ச. அடுத்த ஆளுக்குத் தண்ணி சொட்டாது." சொல்லிவிட்டு, பீடிக் கட்டுக்கு முடி போடுகிற நூலில் ஒரு துண்டை எடுத்து அந்தப் பிள்ளையின் சட்டைப் பொத்தானில் கட்டுவாள். எங்கள் வீடுகளில் பீடி எல்லாம் சரியாக இருந்தால்தானே கட்டுக்கு நூல் விழும்? பிள்ளைகளுக்கு அது சொல்லாமலே புரிந்தது. வீட்டுக்குப் போனால் இதென்ன நூல் என்று தாய் கேட்பாள். பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். டீச்சர் எண்ணியது அது.

பொத்தானில்தான் கட்டுவாள். கையில் ஒருநாளும் கட்டியதில்லை. இது என்ன ஜில்லா என்று அவளுக்குத் தெரியாதா? மணிக்கட்டில் இருக்கிற கலரைப் பார்த்து, இவன் இன்னார் வீட்டுப் பையன் என்று பள்ளிக்கூடத்துக்குள்ளேயே அடித்துக்கொள்கிற ஊர் இது. கையில் கயிறு கூடாது என்று மேலிருந்து உத்தரவும் இருந்தது. அதனால்தான் பொத்தான். அதனால்தான் எல்லாருக்கும் ஒரே ரோஸ் கலர். அந்த ரோஸ் நூல் என் வீட்டு நூல், என் மருமகள் சுற்றுகிற கம்பெனிக்காரன் கொடுக்கிற நூல். இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் மாரியை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள் டீச்சர். மாரி குற்றாலத்திலிருந்து பஸ் பிடித்து, ஈரச் சேலையோடு வந்து நின்றாள். வந்ததும் வராததுமாக, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிருங்க டீச்சர், நான் ஒன்னும் கேக்க மாட்டேன்" என்றாள்.

"அபி நேத்து வரிசையில ஒரு சின்னப் பிள்ளைக்குத் தன் எடத்தக் குடுத்தா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் ஒன்னுமில்லம்மா."

மாரிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முந்தானையைப் பிழிந்தாள். "இதுக்கா ஒருநாள் கூலிய விட்டுட்டு வந்தேன்?" என்று என்னிடம் முணுமுணுத்தாள். கேட்டைத் தாண்டும்போது திரும்பி இரண்டு தடவை பார்த்தாள்.

இனி கோமதி சொல்கிற பேய் விஷயம்.

பேர் வாசிப்பது அடுப்படிக்குக் கேட்கும். கடைசிப் பேர் முடிந்து, பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்று சொன்னபிறகு, டீச்சர் நோட்டை மூட மாட்டாள். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. இன்னொரு பேரைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல இருக்கும். பேர் எதுவும் சொன்னதில்லை. என் காது நன்றாகவே கேட்கும். பிள்ளைகளும் அந்த நேரத்தில் மூச்சுவிடாமல் இருக்கும். கரண்டியைப் பானையில் வைக்க எனக்கே கூசும். அப்புறம் நோட்டு மூடுகிற சத்தம் வரும்.

சாரல் விடாமல் பெய்த ஒரு மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கினாள். கேட்டேவிட்டேன்.

"யாரு டீச்சர் அது?"

அவள் நிமிரவில்லை. "அனுசியா."

முந்தின பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வகுப்பில் தூங்கித் தூங்கி விழுமாம். பீடி வீட்டுப் பிள்ளைதான். ஆனால் அன்றைக்கு டீச்சருக்கு அதெல்லாம் தெரியவில்லை. பெஞ்சில் ஏற்றி நிறுத்தினாள், விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்தாள். கடைசியில், இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். டி.சி. வாங்கின அன்று அனுசியாவுக்கு அது என்ன காகிதம் என்று விளங்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "டீச்சர், நாளைக்கு வரவா?" என்று கேட்டதாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒன்னும் சொல்லல ஆச்சி. கரும்பலகைய அழிச்சுக்கிட்டு நின்னேன்."

அதன்பிறகு தேடிப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. குற்றாலத்தில் சீசன் கடை ஒன்றில் பார்த்ததாக ஒருவர் சொன்னாராம். மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். அருவியில் பெண்கள் கூட்டத்தோடு நின்றது, பிறகு காணோம் என்றும் ஒரு பேச்சு. வருஷம் தவறாமல் டீச்சர் சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போவாள். குளிக்க இல்லை. பெண்கள் பக்கம் நின்று, தலை துவட்டிக்கொண்டு வெளியே வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருவாள். அந்தப் பிள்ளை இப்போது எப்படி வளர்ந்திருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. வளராத முகத்தைத்தான் தேடினாள்.

அவள் அதைச் சொன்னபிறகு எனக்கு ஒன்று நடந்தது. சாரல் அடிக்கிற நாட்களில் சோறு பரிமாறி முடித்தால் நாற்பத்து மூன்று கரண்டி போட்டதாகக் கை சொல்லும். தலையை எண்ணினால் நாற்பத்திரண்டு. வரிசைக் கடைசியில் ஈரத் தலையோடு யாரோ நின்று வாங்கிக்கொண்டு போனதுபோல இருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் சோறு போடுவதில் என் கைக்குத் தப்பு வராது. நான் டீச்சரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் கடைசிப் பிள்ளையின் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பாள்.

காலாண்டுப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. அபி கடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பொத்தான் நிறைய ரோஸ் நூல் தொங்கும். ஒன்றாம் வகுப்பில் ஜெனோ என்று ஒரு பெண் குழந்தை, கேட்டிலேயே தகப்பன் காலைக் கட்டிக்கொண்டு தினமும் அழும். அன்றைக்கு அழாமல் உள்ளே வந்தது. டீச்சர் இன்னும் வரவில்லை. நான் அடுப்படியிலிருந்து பார்க்கிறேன், அபி அந்தக் குழந்தை முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, டீச்சர் குரலிலேயே பேசுகிறாள்.

"நீ இன்னைக்கு அழாம கேட்டத் தாண்டி வந்துட்ட. உங்கப்பா சந்தோசமா வேலைக்குப் போவாரு."

தன் பொத்தானிலிருந்து ஒரு ரோஸ் நூலை அவிழ்த்தாள். ஜெனோ சட்டையில் பொத்தான் இல்லை. இரண்டு ஊக்குதான் குத்தியிருந்தது. அதில் கட்டினால் குத்தும் என்று கையைப் பிடித்தாள். நூல் எட்டவில்லை. பாவாடை மடிப்பிலிருந்து தன் வீட்டுக் கம்பெனி நூலை எடுத்தாள். அது வேறு கலர். இரண்டையும் முறுக்கி மணிக்கட்டில் கட்டினாள். ரோஸ் நூல் சட்டையோடு துவைத்துத் துவைத்துச் சாயம் போய் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. இரண்டும் சேர்ந்தபோது எந்தக் கூட்டத்தின் கலராகத் தெரிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் இதிலும் கட்சி பிரிப்பீர்கள்.

நான் பார்த்தேன். அந்தக் கணத்திலேயே கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் கையைக் கடித்த பிள்ளை இன்னொரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கண் நிறைந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நான் செய்த தப்பு அது.

ஜெனோ வீட்டார் வேறு சாதி ஆட்கள். சாயங்காலம் குழந்தையின் மாமன் அந்தக் கையைப் போனில் படம் பிடித்தான். மறுநாள் காலை பத்துப் பதினைந்து பேர் கேட்டில் நின்றார்கள். "எங்க வீட்டுப் பிள்ள கையில உங்க கயிறா?" என்று ஒரு சத்தம். "வேதக்காரி மந்திரிச்சுக் கட்டுதாளாம்" என்று அதற்குள்ளேயே வேறு யாரோ ஒருவரின் சத்தம். டீச்சர் சர்ச்சுக்குப் போகிறவள். குற்றாலிங்கம் சார் நாலு பேரை மட்டும் அறைக்குள் உட்காரவைத்தார். நான் தண்ணீர்ச் செம்போடு போனேன்.

சார் குரலைத் தாழ்த்தி டீச்சரிடம் கேட்டார்: "அந்த நூலு அபி வீட்டு நூலுன்னு சொல்லுதாவ. பிள்ளதான் கட்டுச்சுன்னா சொல்லிருங்க டீச்சர். தாயக் கூப்பிட்டு டி.சி.ய வாங்கிட்டுப் போகச் சொல்லிருவோம். இவியளும் கலஞ்சிருவாவ. உங்க பேரும் தப்பிச்சிரும்."

டீச்சர் அந்தப் போட்டோவைக் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். யார் கட்டினது என்று கேட்டுத் தெரிந்தும் இருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறந்தால் அபி போய்விடுவாள். திறக்காவிட்டால் இவள் போய்விடுவாள். எனக்கு என் வேலைப் பயமும் இருந்தது, மறைக்கவில்லை. ரோஸ் நூல் யார் வீட்டு நூல் என்று அடுத்து கேட்பார்களே.

"நான்தான் சார் கட்டினேன்."

"டீச்சர், யோசிச்சு..."

"சட்டையில பட்டன் இல்ல. கையில கட்டினேன். பிள்ளைய இதுல இழுக்காதீங்க."

எழுதி வாங்கினார்கள். மேலே இருந்து உத்தரவு வருகிற வரைக்கும் வர வேண்டாம், சாயங்காலமே கிளம்பிவிடுங்கள் என்றார் சார். அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. உத்தரவு வந்ததா, அவள் எங்கே போனாள், எனக்குத் தெரியாது. அபி இப்போது தென்காசியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இனி அவளை எந்த வாசலிலிருந்தும் யாரும் இதைச் சொல்லித் துரத்த முடியாது. அதனால்தான் இப்போது வாயைத் திறக்கிறேன். கோமதி, நீயும் கேட்டுக்கொள்.

எழுதி வாங்கின அன்றைக்கு மத்தியானம் எனக்குக் கைகால் ஓடவில்லை. கடைசிப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பானையைக் காட்ட மறந்துவிட்டேன். வரிசைக் கடைசியில் தள்ளுமுள்ளு வந்தது. அபி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், யாரையும் கடிக்கவில்லை. ஒரு கொட்டையை எடுத்தேன்.

மத்தியானப் பேர் வாசிப்பு கேட்டது. கடைசிப் பேர், உள்ளேன் டீச்சர். அப்புறம் அந்தச் சத்தமில்லாத நேரம். அன்றைக்கு அது வெகுநேரம் நீண்டது. சாரல் ஓட்டில் விழுவது மட்டும் கேட்டது.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"இன்னைக்கு எத்தன ஆச்சி?"

முந்தின நாள்தான் மாதக் கணக்குக்குக் கவிழ்த்திருந்த பெரிய டப்பாவை ஆட்டிக் காட்டினேன். சத்தம் வரவில்லை. "ஒன்னுமில்ல டீச்சர்."

மத்தியானம் எடுத்த கொட்டை என் கைக்குள் இருந்தது. அவள் என் மூடிய கையைப் பார்த்தாள்.

வகுப்பு வாசலில் அபி நின்றாள். காலையிலிருந்து அவளிடம் யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் இரண்டு பள்ளிக்கூடம் பார்த்த பிள்ளைக்கு அந்த மாதிரி நாளின் முகம் தெரியும். தனக்குத்தான் டி.சி. என்று நினைத்துக்கொண்டு பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள்.

"டீச்சர், நாளைக்கு வரவா?"

யாரும் அவளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அபியைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் ஈரத்தில் வேறு யாரோ நிற்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். நானும் அந்தப் பக்கம் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை.

அப்புறம் அபியின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"வா. நாளைக்கு வா. நாளன்னைக்கும் வா. நான் இங்கன இல்லன்னாலும் நீ வா. என்ன?"

"சரி டீச்சர்."

"என்ன சொன்னேன்?"

"நாளைக்கு வரணும்."

டீச்சர் வாசலைத் தாண்டினாள். குடையை விரிக்கவில்லை. சுண்ணாம்புக் கோடு சாரலில் கரைந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த கோட்டின் மேலேயே, பிள்ளைகளுக்கு நடந்து காட்டியபடியே, ஓடாமல் தள்ளாமல் கேட்டுவரைக்கும் நடந்து வெளியே போனாள்.